பழைய லாரி எஞ்சின்: குறைந்த செலவில் கூடுதல் வலு

ஐதராபாத் மாநகரின் வடகிழக்குப் பகுதியில் அமைந்துள்ள மல்காஜ்கிரி ஒரு முக்கியமான ரயில் சந்திப்பாகும். அதனை அடுத்துள்ள மௌலா அலியில் தென் மத்திய ரயில்வேயின் டீசல் எஞ்சின் பணிமனை உள்ளது. சற்றுத் தொலைவில் செர்லப்பள்ளியின் தொழிற்பேட்டையும் எண்ணெய் நிறுவனங்களின் சேமிப்புக் கிடங்குகளும் இருக்கின்றன. எனவே இவ்வட்டாரத்தில் இருவகை டீசல் எஞ்சின்கள் நெடுங்காலமாக அருகருகே உழைத்து வந்துள்ளன. ஒன்று தண்டவாளத்தின் மீது ஓடுவது. மற்றொன்று லாரியின் முகப்பில் இருப்பது.

இரண்டையும் நடத்துவோர் எழுப்பிய வினா ஒன்றே: பழைய எஞ்சினிலிருந்து, அதிகப் பணம் செலவழிக்காமல், கூடுதல் வலுவைப் பெற இயலுமா? ரயில்வே இவ்வினாவுக்கு ஆராய்ச்சியின் மூலம் விடை கண்டது. லாரி உரிமையாளரோ பெரும்பாலும் பட்டறையில் செவிவழியாகக் கிடைக்கும் ஆலோசனையையே நம்ப வேண்டியவராக இருக்கிறார். அந்த ஆலோசனை தவறாகப் போனால் இழப்பு சிறியதன்று. நம் நாட்டு லாரி உரிமையாளர்களில் மிகப் பெரும்பாலோர் ஒன்று முதல் ஐந்து வண்டிகள் மட்டுமே வைத்திருப்பவர்கள். கடன் தவணை முடியுமுன் எஞ்சின் உடைந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே நின்றுவிடுகிறது.

இப்பொருளில் நாட்டின் நலனும் அடங்கியுள்ளது. நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. டீசலின் பெரும்பகுதியைப் போக்குவரத்துத் துறையே செலவிடுகிறது. பழைய எஞ்சின் வீணாகப் புகைக்கும் ஒவ்வொரு லிட்டரும் அந்நியச் செலாவணியின் இழப்பேயாகும்.

வலு எங்கிருந்து வருகிறது?

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் கருவி கிடையாது. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் மிகுந்த அழுத்தத்துக்கு நெருக்குகிறது, காற்று சூடேறுகிறது, அச்சமயத்தில் நாசில் வழியே டீசல் நுண்துளிகளாகப் பீச்சப்பட்டுத் தானாகவே பற்றி எரிகிறது. ஆகவே எஞ்சினின் வலு மூன்றைப் பொறுத்தது: எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, அக்காற்றில் முழுமையாக எரியக்கூடிய அளவில் எவ்வளவு டீசல் பீச்சப்படுகிறது, எரிதல் உரிய கணத்தில் நிகழ்கிறதா என்பவை அவை.

ஒரு கிலோ டீசல் முற்றிலும் எரிவதற்கு ஏறத்தாழ 14.5 கிலோ காற்று தேவை என்பது வேதியியல் கணக்கு. நடைமுறையில் டீசலும் காற்றும் முழுமையாகக் கலக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறுகியதாதலால், புகையின்றி எரிவதற்கு இதைவிடக் கணிசமாக அதிகக் காற்று வேண்டியிருக்கிறது. காற்று போதாத நிலையில் பீச்சப்படும் டீசல் வலுவாக மாறுவதில்லை. கரியாகவும் வெப்பமாகவும் வெளியேறுகிறது. இந்த ஒரு செய்தியை நினைவில் கொண்டால் பின்வருபவை யாவும் எளிதில் விளங்கும்.

வலுவையும் முறுக்கு விசையையும் வேறுபடுத்தி அறிவதும் அவசியம். சக்கரத்தைத் திருப்பும் ஆற்றல் முறுக்கு விசை. அதை எவ்வளவு வேகத்தில் தொடர்ந்து அளிக்க முடிகிறது என்பதே குதிரைத் திறன். வண்டியில் 'இழுவை இல்லை' என்று ஓட்டுநர் கூறும்போது அவர் பெரும்பாலும் குறிப்பிடுவது, குறைந்த சுற்றில் கிடைக்க வேண்டிய முறுக்கு விசையையே.

ரயில் எஞ்சின் தரும் பாடம்

இந்திய ரயில்வேயின் டீசல் யுகத்தைத் தாங்கி நின்றது டபிள்யூ.டி.எம்.2 என்னும் எஞ்சின் வகை. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பான இது 1962-இல் முதலில் இறக்குமதியாயிற்று. 1964 ஜனவரியில் வாரணாசித் தொழிற்சாலையிலிருந்து இந்தியாவில் உருவான முதல் எஞ்சின் வெளிவந்தது. இதன் பதினாறு உருளைகளும் சேர்ந்து 2,600 குதிரைத் திறனை அளித்தன.

பின்னர் இதே பதினாறு உருளை எஞ்சினிலிருந்து 3,100 குதிரைத் திறன் பெறப்பட்டது. 1990-களில் உருவான இவ்வகையே டபிள்யூ.டி.எம்.3ஏ என்று பெயர் பெற்றது. மௌலா அலிப் பணிமனையில் பராமரிக்கப்பட்டு வந்த எஞ்சின்களில் இவ்வகையும் அடங்கும். புதியவை மட்டுமல்ல, ஓடித் தேய்ந்த பழைய எஞ்சின்களும் 1981-இல் நிறுவப்பட்ட பாட்டியாலா தொழிற்சாலையில் புதுப்பிக்கப்பட்டு இந்த உயர்ந்த திறனைப் பெற்றன. உருளைகளின் எண்ணிக்கையும் விட்டமும் மாறவில்லை. ஆயினும் வலு 500 குதிரைத் திறன், அதாவது ஏறக்குறைய 19 சதவீதம் கூடிற்று.

இது எவ்வாறு கைகூடியது என்பதே கவனிக்கத்தக்கது. டீசல் பம்பின் உள்தண்டு 15 மில்லிமீட்டரிலிருந்து 17 மில்லிமீட்டராகப் பெரிதாக்கப்பட்டது. எனவே கூடுதல் டீசல் கிடைத்தது. ஆனால் அது மட்டும் செய்யப்படவில்லை. கூடுதல் காற்றை அளிக்கும் திறன்மிக்க டர்போ பொருத்தப்பட்டது. நெருக்கப்பட்டுச் சூடான காற்றைக் குளிர்விக்கும் கருவி பெரிதாக்கப்பட்டது. வால்வுகள் திறந்து மூடும் கால அளவைத் தீர்மானிக்கும் கேம் தண்டு மாற்றப்பட்டது. மிகுதியான வெப்பத்தைத் தாங்க எஃகுத் தலை கொண்ட பிஸ்டன்கள் இடப்பட்டன. இத்தனையும் ஒருங்கே செய்யப்பட்டதால்தான் வலு கூடியதுடன் எரிபொருள் சிக்கனமும் ஏற்பட்டது. இந்த மாற்றத் தொகுப்புக்கே எரிபொருள் சிக்கனத்தைக் குறிக்கும் பெயரைத்தான் ரயில்வே சூட்டியிருந்தது.

ரயில் பணிமனையின் மற்றொரு வழக்கமும் குறிப்பிடத்தக்கது. பழுது பார்க்கப்பட்ட எஞ்சின் நேரே தண்டவாளத்துக்கு அனுப்பப்படுவதில்லை. மின்தடைப் பெட்டியுடன் இணைக்கப்பட்டு, உண்மையில் எத்தனை குதிரைத் திறன் தருகிறது என்று அளக்கப்படுகிறது. மசகு எண்ணெயின் மாதிரி ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டு, அதில் கலந்துள்ள உலோகத் துகள்களைக் கொண்டு எந்த உறுப்பு தேய்கிறது என்று முன்கூட்டியே அறியப்படுகிறது. அளந்தபின் மாற்றுவதும், மாற்றியபின் மீண்டும் அளப்பதுமே அங்குள்ள முறை. மின்மயமாக்கத்தால் ஆல்கோ வகை எஞ்சின்கள் இன்று பின்தள்ளப்பட்டு வருகின்றன. ஆனால் அவை விட்டுச் செல்லும் பாடம் லாரிக்கும் பொருந்தும்.

விலை மிகுந்த 'மலிவு' வழி

லாரிகளைப் பொறுத்தவரை மிகப் பரவலாகக் கையாளப்படும் வழி வேறு. டீசல் பம்பில் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் திருகு ஒன்று உண்டு. தயாரிப்பாளர் அதை அளந்து வைத்து முத்திரையிட்டிருப்பார். அம்முத்திரையை அகற்றித் திருகைச் சிறிது திருப்பினால் கூடுதல் டீசல் பாய்கிறது. செலவு சொற்பம், பலன் உடனே தெரிகிறது, மேட்டில் வண்டி சற்று விரைந்து ஏறுகிறது.

ஆயினும் ரயில் எஞ்சினில் செய்யப்பட்ட ஐந்து மாற்றங்களில் ஒன்றை மட்டும் செய்து, ஏனைய நான்கையும் விட்டுவிடுவதற்கு இது ஒப்பாகும். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடுவதால் கரும்புகை வருகிறது. வெளியேறும் புகையின் வெப்பநிலை உயர்கிறது. வெளியேற்ற வால்வு கருகுகிறது. பிஸ்டன் தலையில் வெடிப்பு தோன்றுகிறது. எரியாத டீசல் உருளைச் சுவரில் வழிந்து மசகு எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது, பேரிங்குகள் தேய்கின்றன. பயன் முதல் நாளில் தெரிகிறது. கேடு பல மாதங்கள் கழித்தே தெரிகிறது. அப்போது அக்கேட்டுக்கும் திருகுக்கும் உள்ள தொடர்பை எவரும் நினைப்பதில்லை.

அப்புகையைச் சுவாசிப்பவர் உரிமையாளர் மட்டுமல்லர். டீசல் புகை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. மல்காஜ்கிரி போன்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளில் கனரக வண்டி விடும் கரும்புகை எவ்வளவு பேரைப் பாதிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் இழந்ததை மீட்டல்

பழைய எஞ்சினின் வலுவைக் கூட்டுவதற்கு முன்னர், அது இழந்துவிட்ட வலுவை மீட்க வேண்டும். புதிதாக இருந்தபோது 110 குதிரைத் திறன் அளித்த எஞ்சின், பராமரிப்புக் குறைவால் இன்று 90 மட்டுமே அளிக்கிறது என்று கொள்வோம். மீட்கப்படும் 20 குதிரைத் திறனுக்கு எஞ்சினின் எந்த உறுப்பும் புதிய சுமையைத் தாங்க வேண்டியதில்லை. அதற்கென்றே அவை வடிவமைக்கப்பட்டவை. சட்டத்தின் தடையும் இல்லை. இதுவே மிகச் சிக்கனமான வழி.

காற்று: தூசி அடைத்த வடிகட்டி எஞ்சினின் மூச்சை அடைப்பதற்குச் சமம். பழைய வண்டிகளில் உள்ள எண்ணெய்த் தொட்டி வடிகட்டியில், எண்ணெயைக் குறித்த அளவில் வைத்து, சேறு படியுமுன் மாற்ற வேண்டும். வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால் தூசி நேரே உருளைக்குள் சென்று லைனரைத் தேய்த்துவிடும். எஞ்சினுக்குள் செல்லும் காற்று குளிர்ந்ததாகவும் இருக்க வேண்டும். வெளியே 30 டிகிரியில் உள்ள காற்றை விட்டு, முகப்பு மூடிக்குள் 60 டிகிரிக்குச் சூடான காற்றை எஞ்சின் இழுக்குமானால், ஒவ்வொரு இழுப்பிலும் கிடைக்கும் காற்றின் எடை ஏறக்குறைய 9 சதவீதம் குறைகிறது. அறுந்துபோன காற்றுக் குழாயை மீண்டும் பொருத்தி, வெளிக்காற்று கிடைக்கச் செய்வது மிக எளிய வேலை. ஐதராபாத் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ 5 சதவீதம் குறைவு. சென்னைத் துறைமுகத்தில் நன்கு இழுத்த டர்போ இல்லாத பழைய வண்டி தக்காணத்தில் சற்றுச் சோர்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு மாற்றாகப் பம்பின் திருகைத் திருப்புவது புகையைத்தான் பெருக்கும்.

டீசல்: நாசில் குறித்த அழுத்தத்தில் திறந்து, டீசலைப் பனிப்புகைபோல் தூவ வேண்டும். தேய்ந்த நாசில் துளித்துளியாகச் சொட்டுகிறது. பெருந்துளிகள் முழுமையாக எரிவதில்லை. நாசில் சோதனைக் கருவியில் சில நிமிடங்களில் இதனை அறியலாம். 1951-இல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனத்தின் பெயரால் பட்டறைகளில் இன்றும் அழைக்கப்படும் டீசல் பம்பு, எல்லா உருளைகளுக்கும் சம அளவில் டீசல் அளிக்க வேண்டும். ஒன்றுக்கு மிகுதியாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் சென்றால் வலுவும் குறையும், புகையும் கூடும். பம்பைக் கழற்றி, சோதனை மேடையில் ஏற்றி, தயாரிப்பாளர் அட்டவணைப்படி அளவு திருத்துவதே முறை. பீச்சும் நேரமும் சரியாக இருத்தல் வேண்டும். தாமதமானால் எஞ்சின் சூடேறி இழுவை குறையும். முந்தினால் தட்டும் ஓசை எழும்.

அழுத்தம்: வால்வு இடைவெளியை டப்பெட் திருகால் உரிய அளவுக்குக் கொண்டுவருவது சில மணி நேர வேலை. ஒவ்வோர் உருளையின் அழுத்தத்தையும் மானியால் அளந்தால் எந்த உருளை தளர்ந்துள்ளது என்பது தெரியும். ரிங்குகளும் லைனர்களும் தேய்ந்திருந்தால் மேற்கூறிய திருத்தங்களால் முழுப்பயன் கிட்டாது. எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டியதுதான்.

வெப்பம்: எஞ்சின் சூடாகிறது என்று கூறித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இதனால் எஞ்சின் உரிய வெப்பநிலையை அடையாமலே ஓடுகிறது. டீசல் வீணாகிறது, உருளையும் விரைவில் தேய்கிறது. உண்மையான குற்றவாளி பெரும்பாலும் உப்புப் படிந்த ரேடியேட்டரோ தளர்ந்த விசிறிப் பெல்ட்டோ ஆகும்.

புகை உரைக்கும் செய்தி

கருவி ஏதும் இல்லாத இடத்தில் புகையின் நிறமே முதல் சான்று. கரும்புகை என்றால் காற்றுக் குறைவு, டீசல் மிகுதி அல்லது நாசில் கோளாறு. நீலப்புகை என்றால் மசகு எண்ணெய் எரிகிறது. ரிங்கோ வால்வுக் குழலோ தேய்ந்துள்ளது. எஞ்சின் சூடான பின்னரும் வெண்புகை நீடித்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. அழுத்தக் குறைவோ நேரப் பிசகோ காரணமாகலாம். ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். வாகனங்களுக்குப் புகைச் சான்றிதழ் கோரும் விதியைப் பலர் சுமையாகக் கருதுகின்றனர். உண்மையில் அது, குறைந்த கட்டணத்தில் எஞ்சினுக்குச் செய்யப்படும் நாடிப் பரிசோதனையாகும்.

தேவையைக் குறைப்பதும் வலுவே

எஞ்சின் தரும் வலுவைப் போலவே, வண்டி கேட்கும் வலுவும் கணக்கிடத்தக்கது. மொத்தம் 16.2 டன் எடையுள்ள இரண்டு அச்சு லாரியை எடுத்துக்கொள்வோம். சராசரிச் சாலை உராய்வையும் காற்றுத் தடையையும் கொண்டு கணக்கிட்டால், சமதளத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லச் சக்கரங்களில் ஏறத்தாழ 42 குதிரைத் திறன் போதும். வேகம் 70 கிலோமீட்டரானால் 76 குதிரைத் திறன் வேண்டும். வேகத்தை ஐந்தில் இரண்டு பங்கு கூட்டினால் தேவை முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. காற்றுத் தடையை வெல்லத் தேவையான வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்வதே இதற்குக் காரணம்.

இனி, 25 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், அதே லாரிக்கு ஏறத்தாழ 60 குதிரைத் திறன் தேவை. அனுமதிக்கு மேல் 4 டன் ஏற்றினால் தேவை 75 ஆகிறது. 'வண்டி ஏறவில்லை, வலுவைக் கூட்ட வேண்டும்' என்ற குறை, பல சமயங்களில் எஞ்சினின் குறையன்று, சுமையின் மிகுதியே. அந்த 4 டன்னை இறக்கிவிடுவது, செலவே இல்லாமல் 15 குதிரைத் திறன் பெறுவதற்கு ஒப்பாகும்.

எஞ்சினுக்கும் சாலைக்கும் இடையில் நேரும் இழப்புகளும் உண்டு. நழுவும் கிளட்ச், முழுவதும் விடாமல் உரசும் பிரேக், இறுகிய சக்கரப் பேரிங்கு, காற்றுக் குறைந்த டயர், கோணல் திருத்தப்படாத முன்சக்கரம் ஆகிய ஒவ்வொன்றும் சிறிதளவு வலுவை உண்டுவிடுகிறது. சமதளத்தில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, சில ஆட்கள் தள்ளினால் அது எளிதில் நகர்கிறதா என்று பார்ப்பது பழைய முறை. இன்றும் பயனுள்ள முறை. தார்ப்பாய் தளர்ந்து படபடப்பதும், சரக்கு முகப்பைவிட மிக உயர்ந்து நிற்பதும் காற்றுத் தடையைக் கூட்டும்.

டர்போ பொருத்தலாமா?

வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, காற்றை நெருக்கி உள்ளே அனுப்பும் டர்போவுக்கு, சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பியூக்கி என்னும் பொறியாளர் 1905-இல் காப்புரிமை பெற்றார். இந்திய லாரிகளின் வளர்ச்சி வரலாறே இதன் பயனைக் காட்டுகிறது. டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் பென்ஸ் நிறுவனத்துடன் 1954-இல் கூட்டுச் சேர்ந்து லாரித் தயாரிப்பைத் தொடங்கிற்று. 692 என்னும் அதன் எஞ்சினின் பெயர், ஆறு உருளைகளையும் 92 மில்லிமீட்டர் விட்டத்தையும் குறிப்பது, கொள்ளளவு 4.8 லிட்டர். அடுத்து வந்த 697 எஞ்சினில் விட்டம் 97 மில்லிமீட்டராகவும் கொள்ளளவு ஏறத்தாழ 5.7 லிட்டராகவும் கூடின. அதன்பின் கொள்ளளவைக் கூட்டாமல், முதலில் டர்போவும், பிறகு காற்றைக் குளிர்விக்கும் கருவியும் சேர்க்கப்பட்டன. வண்டிகளின் மீது காணப்படும் டி.சி., டி.சி.ஐ.சி. என்னும் எழுத்துகள் இவற்றையே குறிக்கின்றன.

இதைக் கண்டு, டர்போ இல்லாத எஞ்சினில் பழைய சந்தையில் கிடைக்கும் டர்போவைப் பொருத்த முனைவோர் உண்டு. ஆனால் தயாரிப்பாளர் டர்போவைச் சேர்த்தபோது, பிஸ்டன், பம்பு, மசகு எண்ணெய் ஓட்டம், குளிர்விப்பு முதலியவற்றையும் அதற்கேற்ப அமைத்தார். அவையின்றி டர்போவை மட்டும் பொருத்துவது, திருகைத் திருப்புவதைவிடச் சற்று மேலானது என்றாலும், ஆபத்து நீங்கியதாகாது. எஞ்சினுக்கு அப்பால் கிளட்ச், கியர் பெட்டி, பின் அச்சு ஆகியவையும் கூடுதல் முறுக்கு விசையைத் தாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரேக் பழைய பிரேக்காகவே இருக்கிறது.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. அனுமதியின்றி மாற்றப்பட்ட வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் தகராறு எழக்கூடும். எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டிய நிலையில், தயாரிப்பாளர் புதுப்பித்து அளிக்கும் அதே வகை எஞ்சினை உரிய ஒப்புதலுடன் பொருத்துவது, பாதுகாப்பான தேர்வாகும்.

இறக்கத்தையும் எண்ண வேண்டும்

ஐதராபாத்தையும் சேலம், நாமக்கல் மாவட்டங்களையும் இணைப்பது 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்ற நாமக்கல், சங்ககிரி வட்டார வண்டிகள் இவ்வழியே வடக்கு நோக்கிச் செல்கின்றன. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையேயுள்ள தொப்பூர் கணவாயின் இறக்கம், தொடர் விபத்துகளால் அறியப்பட்டது. ஏற்றத்தில் திணறும் வண்டிக்கு வலு வேண்டும் என்று கேட்கும் ஓட்டுநரே, இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவதும் உண்டு. அப்போது எஞ்சினின் தடுப்பு விசை முற்றிலும் நீங்கி, முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கிறது. எந்த கியரில் ஏற வேண்டுமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்னும் பழைய விதி, உயிர் காக்கும் விதியாகும். கியரில் இறங்கும் வண்டியில் முடுக்கு மிதியிலிருந்து காலை எடுத்ததும் பம்பு டீசலைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவதால், நியூட்ரலில் விடுவதால் கிடைப்பதாக நம்பப்படும் மிச்சமும் மிகச் சிறியதே.

அளப்பவர்க்கே ஆதாயம்

1973, 1979 ஆகிய ஆண்டுகளின் எண்ணெய் நெருக்கடிகளை ஒட்டி, எரிபொருள் சிக்கனம் நம் நாட்டில் ஓர் இயக்கமாக உருப்பெற்றது. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் 1978-இல் அமைந்தது. அக்காலம் முதல் ஆந்திரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகமும், 2015-இல் அதிலிருந்து பிரிந்த தெலங்கானா கழகமும் எரிபொருள் சிக்கனத்துக்காகப் பலமுறை பரிசு பெற்றுள்ளன. இதன் அடிப்படை எளியது. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு வண்டிவாரியாகவும் ஓட்டுநர்வாரியாகவும் பணிமனையில் எழுதப்படுகிறது. குறையும் வண்டி பழுது பார்க்கப்படுகிறது. குறையும் ஓட்டுநர்க்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

ஒரு லாரி வைத்திருப்பவரும் இதைச் செய்யலாம். தொட்டி நிரம்பும்வரை டீசல் போட்டு, அடுத்த முறையும் அவ்வாறே நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறிப்பேட்டில் எழுதினால் போதும். வழக்கமாகச் செல்லும் ஒரு மேட்டை, அதே சுமையுடன், அதே கியரில் ஏற எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்து வைத்தால், அதுவே அவருடைய வலுச் சோதனைக் கூடம். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். செய்தபின் மீண்டும் அளக்க வேண்டும். அப்போதுதான் எது பயன் தந்தது என்பது விளங்கும்.

ஆதாயத்தையும் ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 1,500 லிட்டர் டீசல் செலவாகிறது. மேற்கூறிய திருத்தங்களால் 5 சதவீதம் மிச்சமானால் 75 லிட்டர் மீதமாகும். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால் மாதம் 6,750 ரூபாய். நாசில் சோதனைக்கும் டப்பெட் சரிசெய்தலுக்கும் வடிகட்டி மாற்றுவதற்கும் ஆகும் செலவை இத்தொகையோடு ஒப்பிட்டு உரிமையாளரே முடிவு செய்யலாம்.

நிர்வாகம் செய்யத்தக்கவை

இதில் அரசு அமைப்புகளுக்கும் பங்கு உண்டு. லாரி நிறுத்துமிடங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் நாசில் சோதனைக் கருவியும் பம்பு அளவு திருத்தும் மேடையும் கூட்டுறவு முறையில் அமைக்கப்படலாம். எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனங்கள் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியிருக்கிறது. அச்சமயத்தில் வண்டியைத் தள்ளுபடி செய்வதோடு நில்லாமல், குறை எது என்பதையும் எழுதி அளித்தால் சோதனையே கல்வியாக மாறும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் ஓட்டுநர் பயிற்சி வசதிகளைச் சிறு உரிமையாளர்களும் கட்டணம் செலுத்திப் பெற வழி செய்யலாம்.

எல்லாப் பழைய எஞ்சின்களையும் காப்பாற்றுவது நோக்கமன்று. பிரித்துப் புதுப்பித்த பின்னரும் புகை அடங்காத எஞ்சினுக்கும், சட்டகம் துருப்பிடித்த வண்டிக்கும் மேலும் பணம் செலவிடுவது வீண். அத்தகைய வண்டிகளை விட்டொழிக்க 2021-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பழைய வாகனக் கழிவுக் கொள்கை வழி வகுத்துள்ளது. எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்யவும் குறிப்பேடே துணை செய்யும்.

பழைய எஞ்சினிலிருந்து கூடுதல் வலு பெறலாம் என்பதற்கு டபிள்யூ.டி.எம்.3ஏ ரயில் எஞ்சின் சான்றாக விளங்குகிறது. அந்த 500 குதிரைத் திறன் ஒரு திருகைத் திருப்பியதால் வந்ததன்று. காற்று, டீசல், குளிர்விப்பு, உறுதி ஆகிய நான்கையும் சேர்த்து எண்ணி, ஒவ்வொன்றையும் அளந்து பார்த்ததால் வந்தது. லாரி உரிமையாளரிடம் ரயில்வேயின் ஆராய்ச்சிக்கூடம் இல்லை. ஆனால் தூய வடிகட்டி, சரியான நாசில், அளவான சுமை, ஒரு குறிப்பேடு ஆகியவை அவர் கைக்கு எட்டியவையே. இழந்த வலுவை முதலில் மீட்டு, வீணாகும் வலுவை அடுத்துத் தடுத்தபின், புதிய வலுவைத் தேட வேண்டிய தேவை பலருக்கு ஏற்படாமலே போகும்.